கடைசிச் சந்துவரை ஒரு குழாய்

குடிநீர் வழங்கும் பணியில் இருப்பவரைத் தண்ணீர் வரும் நாளில் எவரும் நினைப்பதில்லை. வராத நாளிலோ அவருடைய பெயர், கைப்பேசி எண், படித்த கல்லூரி, அந்தக் கல்லூரியில் அவர் உண்மையாகவே படித்தாரா என்ற ஐயம் எல்லாம் ஊருக்கே நினைவுக்கு வந்துவிடும்.

நான் தாம்பரத்துக்குக் கிழக்கே, மாடம்பாக்கம் போகும் வழியில் உள்ள ஒரு பகுதிக்குக் குடிநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர். குழாயின் இந்த முனையில் நான் நிற்கிறேன். அந்த முனையில் குடத்தோடு நீங்கள் நிற்கிறீர்கள். நடுவில் உள்ள குழாய் நம் இருவர் பேச்சையும் கேட்பதில்லை. அந்த வகையில் நாம் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிகள். ஆகவே கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தெருக்களின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் இருப்பதை முன்தெரு என்றும், அதே குழாய் சற்று மேடேறிப் போய் முடியும் இடத்தைக் கடைசிச் சந்து என்றும் வைத்துக்கொள்வோம். முன்தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் இருக்கிறார்கள். சந்தில் இருப்பவர்கள் வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் காலையிலேயே கிளம்புகிறவர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் திறப்போம். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தாம் கடைசிச் சந்தில் குடியிருப்பதாகவே கருதுவீர்கள். என் அனுபவத்தில், முன்தெருவில் குடியிருப்பதாக ஒப்புக்கொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.

அரைமணி நேர விளக்கம்

பொறுப்பேற்ற புதிதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. விவரம் தெரியாததால்தான் மக்கள் கோபப்படுகிறார்கள். காரண காரியத்தை முறையாக எடுத்துரைத்தால் கோபம் தணிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முதலில் கிடைத்தவர் முன்தெருவின் செல்வதாசன் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவர். அன்று காலை முன்தெருவுக்கே தண்ணீர் வரவில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னதும், நேரிலேயே போய் விளக்கிவிடுவது என்று கிளம்பினேன்.

அவர் வீட்டு நாட்காட்டியிலிருந்து பழைய மாதத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பின்புறத்தில் ஏரியை வரைந்தேன். ஏரியிலிருந்து நீரேற்று நிலையம், அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி, தொட்டியின் உயரம், உயரத்தால் கிடைக்கும் அழுத்தம், வளைவுதோறும் அது எப்படிக் குறைகிறது என்பதையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். முந்தின நாள் நீரேற்று நிலையத்தில் மின்சாரம் தடைப்பட்டதால் தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. அதனால்தான் இந்த நிலை என்று முடித்தேன். அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவர் தாடையில் கை வைத்து, ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். கேன் தண்ணீரில் போட்ட தேநீரை எனக்குக் கொடுத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ரொம்பத் தெளிவா சொன்னீங்கம்மா. நான் சர்வீஸ் பூரா பாடம் நடத்தியிருக்கேன், இவ்வளவு தெளிவா ஒருநாளும் நடத்தினதில்ல. இவ்வளவு நாள் புரியாம தண்ணி வரல. இன்னைக்குப் புரிஞ்சு வரல. அதுவரைக்கும் சந்தோஷம்."

ஆடாத குழாய்

கடைசிச் சந்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு மே மாத வெயிலில். குழாய் பதித்து மூன்று ஆண்டுகள் ஆகியும் தண்ணீர் வந்ததில்லை என்பது புகார். அங்கே ஸ்டெல்லா என்ற பெண்ணின் வாசலில் எங்கள் குழாய் அழகாக நின்றது. அதன் கழுத்தில் ஒரு துணிப்பை, ஒரு குடை, பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி ஆகியவை தொங்கின. புட்டி காலியாக இருந்தது.

ஸ்டெல்லா ஊரப்பாக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. அவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. சந்துக்குத் தண்ணீர் லாரிதான் கதி. லாரி காலை ஆறு மணிக்கும் வரலாம், பத்து மணிக்கும் வரலாம். காத்திருந்தால் மின்சார ரயில் போய்விடும். காத்திராமல் போனால் அன்றைக்கு வீட்டில் தண்ணீர் இருக்காது. காத்திருந்து காத்திருந்து தாமதமாகப் போனதால் பள்ளியில் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். இனி ஒருமுறை தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறந்த பிறகு லாரியும் ரயிலும் மறுபடி மோதிக்கொள்ளும், வேலை போய்விடும். இதை அவர் அழாமல், குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. கத்துகிறவர்களுக்கு வைத்திருந்த பதில்கள் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை.

"பள்ளி திறப்பதற்குள் இந்தக் குழாயில் தண்ணீர் வரும்," என்று நான் சொல்லிவிட்டேன். எங்கள் துறையில் அனுபவமுள்ள எவரும் தேதியோடு சேர்த்து வாக்குக் கொடுப்பதில்லை. சொன்ன பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, குழாயின் பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா எனக்கு ஆறுதல் சொன்னார்:

"கொயாய சும்மா சொல்லக் கூடாது மேடம். எவ்ளோ வெயிட்டு மாட்டினாலும் ஆடாம கீது."

முன்னறிவிப்பு

சந்துக்குத் தண்ணீர் போகாததற்குக் குழாய் அடைப்பு காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதினேன். வழியில் ஒரு பழைய இணைப்பை மாற்ற ஒருநாள் விநியோகத்தை நிறுத்த வேண்டும். பொதுமக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது பொறுப்புள்ள நிர்வாகத்தின் அடையாளம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நானே சொற்களைத் தேர்ந்து ஓர் அறிவிப்பு எழுதி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் ஊரைச் சுற்ற அனுப்பினேன். "வியாழக்கிழமை குடிநீர் விநியோகம் இராது. செவ்வாய்க்கிழமை வழங்கப்படும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்."

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமாக இரண்டு மணி நேரம் தாங்கும் மேல்நிலைத் தொட்டி ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிட்டது. சிக்கனம் என்ற சொல்லை முன்தெரு தன் முழு ஆற்றலோடு கடைப்பிடித்திருந்தது: குடம், வாளி, பிரஷர் குக்கர், குழந்தையின் குளியல் தொட்டி, திருமணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் அண்டா வரை நிரப்பி வைத்திருந்தார்கள். வாளி இல்லாதவர்கள் வாளி வாங்கினார்கள். முன்தெருவின் பின்பாதிக்கே அன்று சொட்டுகூடக் கிடைக்கவில்லை. கடைசிச் சந்தின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை இணைப்பை மாற்றினோம். உள்ளே அடைப்பு எதுவும் இல்லை. குழாய் கண்ணாடிபோல் இருந்தது.

அன்று மாலை, முன்தெருவின் பின்பாதியில் குடியிருக்கும் ஓர் அம்மையார் அழைத்தார். கோபமே இல்லை, கெஞ்சும் குரல்.

"மேடம், இனிமே தண்ணி வராதுன்னு முன்னாடியே சொல்லாதீங்க, ப்ளீஸ். நீங்க பாட்டுக்குச் சொல்லாம வராம இருங்க. எங்களுக்கு அதுதான் பழக்கம்."

தரையில் வைத்த மிக்ஸி

அடைப்பு இல்லையென்றால் யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று பொருள். தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி இழுத்தால், அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்குக் காற்றுதான் போகும். ஆகவே ஒரு விநியோக நாளில், ஆறரை மணிக்கே, வால்வு திறக்கும் பணியாளர் ஏழுமலையை அழைத்துக்கொண்டு முன்தெருவில் சோதனைக்கு இறங்கினேன். முதல் வீட்டில் மோட்டார் இருந்தது, பறிமுதல் செய்தோம். இரண்டாவது வீட்டில் மோட்டார் இருந்த இடத்தில் ஈரமான வட்டம் மட்டும் இருந்தது. மூன்றாவது வீட்டில் வட்டமும் துடைக்கப்பட்டுத் பூந்தொட்டி வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் நடந்து போவதைவிடத் தெருவின் வாட்ஸ்அப் குழு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. "இன்னா மேடம், யூனிஃபார்ம் போட்ட மாரி ஜீப்ல வந்து எறங்குனா எவன் மாட்டுவான்?" என்று ஏழுமலை சலித்துக்கொண்டார். ஜீப்பில் வரலாம் என்பது என் யோசனை.

தெருவின் நடுவில் ஒரு வீட்டில் மூத்த அம்மையார் ஒருவர் எங்களை அன்போடு உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். சாறு குடித்துக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு அடியில், பூவேலை செய்த விரிப்புக்குள் ஏதோ உறுமுவது கேட்டது. கேட்காததுபோல் இருக்கத்தான் முயன்றேன். ஆனால் என் கால் அதன்மீது பட்டுச் சுட்டுவிட்டது. என்னம்மா அது என்றேன். மிக்ஸி என்றார், கொஞ்சம் பழசு, அதனால்தான் தரையில் வைத்திருக்கிறோம் என்றார். மிக்ஸிக்கு ஏன் ஒன்றரை அங்குலக் குழாய் என்று நான் கேட்டேன். கண் இமைக்காமல் பதில் வந்தது:

"எங்க வீட்டுக்காரருக்குச் சட்னி தண்ணியா இருந்தாத்தான்ம்மா எறங்கும்."

ஏகமனதான தீர்மானம்

சட்டத்தால் முடியாததை மனச்சாட்சியால் முடிக்கலாம் என்று முன்தெருவின் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருந்தேன். தம் நிலைமையை அவரே சொன்னால் கல்லும் கரையும் என்பது என் கணக்கு. கூட்டம் தொடங்கும் நேரத்தில் சந்துக்கு லாரி வந்துவிட்டதால் அவரால் வர இயலவில்லை. அவருக்காக நானே பேசினேன். பள்ளி திறக்கப்போவதை, ரயிலை, எச்சரிக்கையை, வேலையை எல்லாம் சொன்னேன். சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். தண்ணீர் திறக்கும் முதல் அரைமணி நேரம் எவரும் மோட்டார் போடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. என் பணியில் இதுவரை அவ்வளவு உருக்கமான கைத்தட்டலைக் கேட்டதில்லை.

அடுத்த விநியோக நாளில் தெரு முழுவதும் மோட்டார்கள் வழக்கம்போல் ஓடின. செல்வதாசன் சாரிடம் போய், தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவருக்கும் வருத்தம்தான்.

"நான் நிறுத்தத் தயாராத்தான்ம்மா நின்னேன், சுவிட்சுல கைய வெச்சுக்கிட்டே. எதிர்வீட்டுல மொதல்ல நிறுத்தட்டும்னு பார்த்தேன். அவரும் அங்க சுவிட்சுல கைய வெச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு நிக்கிறார்."

ஒரு சொம்பு காற்று

ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரர் கன்னியம்மா. கட்டட வேலைக்குச் செல்பவர். ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து, "ஞாயித்துக்கெயம காலீல கொயா சத்தம் போடுது" என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். வறண்ட குழாயில் தொலைவிலிருந்து நீர் தள்ளும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். அப்போது சீறுவதுபோல் ஒலி கேட்கும். அதைத் தண்ணீர் என்று எண்ணி ஏமாறக் கூடாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் விளக்கினேன்; இம்முறை படத்தோடு.

மூன்றாவது முறை அவர் வந்தபோது, என் விளக்கத்தை நிலைநாட்டுவதற்காகவே, விநியோக நாளாக அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலய ஆராதனைக்குப் போகாமல் சந்துக்குப் போனேன். என் நினைவறிந்து நான் ஆராதனையைத் தவறவிட்ட நாள்கள் மிகக் குறைவு. ஏழு மணிக்குச் சற்று முன்பு குழாய் சீறியது. "இதுதான் காற்று" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் செம்மண் நிறத்தில் ஒரு தும்மல் என் சேலையில் தெறித்தது. பிறகு விரல் தடிமனுக்கு, தெளிவாக, நிற்காமல் தண்ணீர் விழுந்தது.

காரணம் விளங்க எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. முன்தெருவில் பெரும்பாலும் எங்கள் சபையார்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏழு மணி ஆராதனைக்குப் போய்விடுவார்கள். தெருவில் அநேகமாக எல்லா மோட்டாரும் ஓயும் ஒரே காலை அது. அந்த நேரத்தில் அவர்களோடு நானும் ஆலயத்தில் உட்கார்ந்து, கடைசிச் சந்துக்குத் தண்ணீர் கிடைக்கவேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜெபம் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கன்னியம்மா பித்தளைச் சொம்பில் பிடித்து என் முன் நீட்டினார்.

"இந்தா மேடம், ஒரு சொம்பு காத்து குடி. வெயில்ல வந்துகீற."

இரண்டு அழைப்பு

மறுநாளே ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். குழாயில் கோளாறு இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று பெருமையோடு அறிவித்தேன். எந்த நேரம் என்று கேட்டார். ஏழு மணி என்றேன். சிரித்துவிட்டார். அவரும் அதே ஆலயத்தில், ஏழு மணி ஆராதனையில், முன்னால் விரித்த பாய்மேல் உட்காருகிறவர். எத்தனையோ ஞாயிறுகள் அவர் முதுகுக்கு மேல் பார்த்துக்கொண்டு நான் பாட்டுப் பாடியிருக்கிறேன். ஒருவாரம் ஆராதனைக்கு வராமல் இருந்தாலும் தவறில்லை என்று, ஒரு சபையாருக்கு மற்றொரு சபையார் சொல்லக் கூடாததை, மிகுந்த நாகரிகத்தோடு சொல்லிப் பார்த்தேன்.

அப்படியே அவர் வராமல் இருந்தாலும், வேலை இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை. பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. போதகரிடம் பேசி நாள்தோறும் காலை ஆராதனை நடத்தச் சொன்னால் என்ன என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்; பொறியியல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள். ஸ்டெல்லா கோபித்துக்கொள்ளவில்லை. எனக்காகவே விஷயத்தைச் சுருக்கிச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம சாமியும் கூப்புடுது, தண்ணியும் கூப்புடுது. திங்கக்கெழம இஸ்கூலு கூப்புடுது, லாரியும் கூப்புடுது. நான் ஒருத்திதானே மேடம்?"

ஒரு விசித்திரக் கோரிக்கை

முன்தெருவில் மோட்டார் ஓடாவிட்டால் சந்துக்குத் தண்ணீர் போகும். மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததும் தீர்வு என் கண்முன் பளிச்சென்று நின்றது. மின் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த இளம் பொறியாளரிடம், விநியோக நாள்களில் காலை ஆறரை முதல் ஏழு வரை முன்தெருவுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தித் தர இயலுமா என்று கேட்டேன். அவர் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

காரணத்தை நான் வரிசையாக எடுத்துரைத்தேன். ஸ்டெல்லாவின் வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் இளகியது. ஆனால் அதே தெருவில் வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கிறார்களே என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. என் திட்டத்தில் அதற்கு இடமே விட்டிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். வாசல்வரை வழியனுப்ப வந்தவர், நெடுநேரம் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்:

"மேடம், கரண்ட் ஏன் போச்சுன்னு கேட்டு தினம் பத்துப் பேர் வராங்க. ஏன் போகலன்னு கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான். மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா?"

விநியோகம் இல்லாத நாள்

கடைசியில் நான் செய்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. அட்டவணைப்படி தண்ணீர் வராத நாள்களில் எவரும் மோட்டாரைத் தொடமாட்டார்கள். முன்தெருவின் தரைத்தொட்டிகளும் முந்தின நாளே நிரம்பி வாய் மூடியிருக்கும். அந்த நாளில், விடியும் நேரத்தில், எவருக்கும் சொல்லாமல் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் தண்ணீர் வேறு எங்கும் தங்க வழியின்றிச் சந்துக்குத்தான் போயாக வேண்டும். வழக்கமான விநியோகத்தில் கால்மணி நேரம் குறைத்தால் அதற்கான நீர் தொட்டியில் மிஞ்சும். மேலதிகாரியிடம் இதைச் சொல்லி, முறைப்படி ஒப்புதல் கேட்டு எழுதட்டுமா என்றேன். "வேணாம்மா. எழுதினா அறிவிக்கணும். அறிவிச்சா வராது. நீங்க சொன்னீங்க, நான் சரின்னேன், போதும்," என்றார். ஏழுமலைக்கு மட்டும் குறை இருந்தது: தண்ணி வரும் நாளிலும் சீக்கிரம் எழ வேண்டும், வராத நாளில் அதைவிடச் சீக்கிரம் எழ வேண்டும் என்றால் பிறகு எந்த நாளில்தான் தூங்குவது?

பள்ளி திறந்த காலை ஐந்து மணிக்கு ஏழுமலை வால்வைத் திறந்தார். நான் சந்தில் நின்றேன். சந்து முழுவதற்கும் சேதி தெரிந்திருந்தது. ஆனால் வெளியே ஒரு விளக்குகூட எரியவில்லை. குழாய் சீறியது, தும்மியது, பிறகு ஒழுக்கமாக விழத் தொடங்கியது. லாரி வந்தால் மூன்றாம் தெருவரை கேட்கும் சண்டை நடக்கும் இடம் அது. அன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, குடத்தைத் தரையில் வைக்கும் ஓசைகூட எழாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லாவின் குடங்கள் நிரம்பின; அண்டா நிரம்பியது. அவர் ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் செய்வதறியாமல் நிரம்பிய குடங்களுக்கு நடுவில் நின்றார். அத்தகைய வேளைகளில் நான் செய்வதையே செய்தேன்: இன்று அழுத்தம் ஏன் போதுமானதாக இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், மேடம்... கொஞ்சம் மெல்லமா பேசுங்க. முன்தெருவுக்குக் கேட்டுடும்."

காலிக் குடங்கள்

ஜூன் முழுவதும் ஸ்டெல்லா ஒருநாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. ஜூலையில் ஒருநாள் செல்வதாசன் சார் என்னை வழியில் நிறுத்தினார். "என்னம்மா, சந்து ஆளுங்க சத்தத்தையே காணோம்? அங்க தண்ணி ஏதாவது வருதா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அக்கறையின் முடிவில் ஒரு மோட்டார் நிற்பது எனக்குத் தெரிந்தது. விடியற்காலை ரகசியம் முன்தெருவுக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் காலையும் போய்விடும். அதோடு ஸ்டெல்லாவின் வேலையும். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு விரைந்தேன். அன்றே ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "நாங்க பாத்துக்கறோம் மேடம்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், கடைசிச் சந்து முழுவதும் காலிக் குடங்களோடு எங்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டது. முன்வரிசையில் ஸ்டெல்லா. ஒருநாளும் குரலை உயர்த்தாத அந்தப் பெண், நான் படித்த படிப்பையும் வாங்கும் சம்பளத்தையும் பற்றி எழுப்பிய ஐயங்களில் சில எனக்கே இருந்தவை. கன்னியம்மா குடத்தைத் தட்டித் தாளம் போட்டார். "இன்னாத்துக்கு இந்த ஆபீசு, பூட்டு போடு!" என்றார். சத்தம் கேட்டு முன்தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். செல்வதாசன் சார் இரு தரப்புக்கும் நடுவில் நின்று, "பாவம்மா, எங்களுக்கும் சரியா வர்றதில்ல, கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று அவர்களைச் சமாதானப்படுத்தினார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, மனம் தளர வேண்டாம் என்று தேற்றினார். அவர் முகத்தில் ஐயம் முற்றிலும் நீங்கியிருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு, புகாரை எழுதிக் கொடுக்கும் சாக்கில் ஸ்டெல்லா மட்டும் உள்ளே வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. என் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குனிந்து, பழைய குரலில் சொன்னார்:

"மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நேத்து ரெண்டு கொடம் மீந்தே போச்சு. மாசத்துக்கு ஒருதபா வந்து இந்த மாரி திட்டிட்டுப் போறோம், அப்பதான் யாருக்கும் டவுட்டு வராது. இன்னிக்கு அவசரத்துல சரியா வரல, அடுத்த மாசம் இன்னும் நல்லா திட்றேன்."

என் பணிக்காலத்தில் நான் முழுமையாகச் செய்து முடித்த ஒரே வேலை, அலுவலகக் கணக்கின்படி, மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் தீராத புகாராக இன்றும் நிலுவையில் இருக்கிறது.